நாத்தனாரின் மேப்

"மறுபடியுமா?"

முன்னால் போன நாத்தனாரின் பைக் ஓரங்கட்டியதும், பல் டாக்டரம்மா ஹெல்மெட்டுக்குள்ளேயே பல்லைக் கடித்தாள்.

"அண்ணி, இறங்கி வந்து ஒரு மூலையைப் பிடிங்க. காத்துல பறக்குது!" பெட்ரோல் டேங்க் மேல் காகித மேப்பை விரித்தாள் நாத்தனார்.

மூன்று பைக்கில் மலைப்பயணம். நடுவில் டாக்டர், கடைசியில் அவள் கணவன். காலையிலிருந்து கூப்பிடு தூரத்துக்கு ஒரு நிறுத்தம்.

"என் ஹேண்டில்பார்ல ஜி.பி.எஸ். இருக்கு. வாய் விட்டு வழி சொல்லுது. உனக்கெதுக்கு இந்தப் படுதா?"

"மலையில சிக்னல் போனா உங்க மெஷின் கையை விரிச்சிடும் அண்ணி."

"உன் மேப்பை விரிக்கவே மூணு பேர் வேண்டியிருக்கே!"

நாத்தனார் சிரித்தாள். விரலால் கோடு பிடித்தபடி ஆற அமர நின்றாள்.

அடுத்த சாலைப் பிரிவிலும் அதே கூத்து. டாக்டர் கணவனிடம் சீறினாள். "உங்க தங்கச்சிக்குத் தான்தான் வழிகாட்டணும்னு கர்வம். இனிமே நான் முன்னாடி!"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜி.பி.எஸ். சொல்லச் சொல்ல, ஒரே மூச்சில் மலையேறி மறுபக்கம் இறங்கினாள் டாக்டர். ஊர் எல்லையில், பெட்ரோல் பங்க்கில் ஜம்பமாக நிறுத்தியவளால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. இடுப்பிலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுத்தது. பைக் சாய்ந்தது.

ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள் நாத்தனார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. பெஞ்சில் படுக்க வைத்து, ஜாக்கெட்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு, தன் ஹெல்மெட்டை அங்கேயே வைத்துத் தண்ணீர் வாங்க ஓடினாள்.

நாளெல்லாம் அடுத்தவர் வாயை எட்டிப் பார்த்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவள் டாக்டர். 'இந்த வருஷம் பயணம் வேண்டாமே' என்ற கணவனிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"காலையில வலியே இல்லீங்க..." என்று கணவனிடம் முனகினாள்.

"எப்படி இருக்கும்? அடிக்கடி உன்னை இறக்கி நிக்க வெச்சாளே! 'ரெஸ்ட் எடுங்கன்னா அண்ணிக்கு ரோஷம் வந்துடும். திட்டு எனக்கே விழட்டும்'னு சொல்லிட்டா."

நாத்தனார் தண்ணீரோடு வந்ததும் டாக்டர் அவள் கையைப் பிடித்து, விடாமல் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நீயே முன்னாடி போம்மா. எத்தனை தடவை நிறுத்தினாலும் சரி. ஆனா, இந்த மலையில மேப்பை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வழி தப்பாம கூட்டிட்டு வந்தியோ!"

நாத்தனார் பதில் சொல்வதற்குள், பெஞ்சின் மேல் இருந்த அவள் ஹெல்மெட்டின் ஸ்பீக்கர் பேசியது:

"நேராகச் செல்லவும். உங்கள் விடுதி வலதுபுறம்."