ஒரு ஹாரன் போதும்

பனிக்காலம் முடியும்வரை பழைய காரை ஷெட்டில் நிறுத்திவைக்க முதலாளி தங்கையா முடிவு செய்தார். வயிறு முட்டப் பெட்ரோல் ஊற்றினார். டயர்கள் அழுந்தாமல் இருக்கக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். காருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, இனிமே என் கால் தரையிலேயே படாது" என்றது பேட்டரியிடம்.

கடைசியாக அவர் பேட்டரியையும் கழற்றினார். அதற்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, நான் இல்லாம சமாளிச்சுக்குவீங்களா?"

"நீ இல்லாட்டி என்ன, குடியா முழுகிடும்? இத்தனை வருஷம் உன்னைச் சுமந்ததே பெரிசு. போ, போ."

பேட்டரி மூலையிலிருந்த அலமாரிக்குப் போனது. காருக்கு உறை போர்த்திவிட்டு, முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு எலி ஏறி வந்து பின்சீட்டை முகர்ந்தது.

"பிரசவத்துக்கு இடம் தேடுறேன். இங்கே தங்கிக்கலாமா?"

"என்ன தைரியம் உனக்கு! நான் யாருன்னு தெரியுமா? ஒரு ஹாரன் அடிச்சேன்னா தெருவே ஒதுங்கி நிக்கும்!"

எலி நடுங்கிப்போய்ப் பின்வாங்கியது.

"தெரியாம வந்துட்டேங்க. எதுக்கும் ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க, ஓடிப்போயிடுறேன்."

கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கியது. அலமாரியில் பேட்டரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எலி மரியாதையாகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு சீட்டைக் கடித்துப் பஞ்சை உருவ ஆரம்பித்தது.