அங்கன சுவர் இருக்கு

குற்றாலம் மெயினருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்ற வேண்டிய போலீஸ்காரர்தான் முதலில் போனார். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்துகொண்டிருந்த செங்கோட்டை வண்டி அப்படியே குடை சாய்ந்தது.

இத்தனைக்கும் காரணமான மாரிராஜ், தேங்காய்ப்பூத் துண்டோடு ஓடிவந்து போலீஸ்காரரை இரண்டு விரலால் தூக்கி நிமிர்த்தி வைத்தார். அரை இஞ்ச் உயரம் என்றாலும் போலீஸ் போலீஸ்தானே.

தென்காசி பஜாரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை மாரிராஜுக்கு. மீதி நேரமெல்லாம் மாடி அறையில், கட்டில் அகல மேசை மேல், பொம்மை ரயில் விடுகிற உத்தியோகம். மலைக்காடு முழுக்கப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். தண்டவாளத்து ஜல்லிக்கு வறுத்த ரவை. வீட்டில் உப்புமா கிண்டி மாதக்கணக்காகிறது.

மனைவி பகவதி டீ கொண்டுவரும்போதெல்லாம் இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பாள்.

"இந்த வண்டி எங்க போவுது?"

"தென்காசியில இருந்து செங்கோட்டை."

"அதுக்கப்புறம்?"

"திரும்பித் தென்காசி."

"ஏன், மலைக்கு அந்தப் பக்கம் எங்க புனலூருக்கெல்லாம் போவாதோ?"

"எப்படிப் போவும்? அங்கன சுவர் இருக்குல்லா."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க அம்மை வீட்டுக்கு வராம இருக்க எத்தனையோ சாக்கு சொல்லியிருக்கீங்க. இதுதான் நல்ல கெட்டியான சாக்கு" என்று கீழே போய்விடுவாள்.

அருவிக்கு முதலில் மீன்தொட்டி மோட்டார்தான் வைத்திருந்தார். தண்ணீர் நூல் மாதிரி விழுந்தது. சீசன் இப்படி டல்லடித்தால் கூட்டம் எப்படி வரும் என்று, கடையில் கிடந்த ஏர்கூலர் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார். தொழிலில் ஆள் கெட்டிக்காரர். அதனால்தான் இந்தக் கதி.

வெள்ளம் மேசையோடு நிற்கவில்லை. தரையில் இறங்கி, கதவிடுக்கில் நுழைந்து, அடுத்த அறைக்குப் போனது. அது பகவதியின் தையல் அறை. அங்கே வெட்டுவதற்கு விரித்துப் போட்டிருந்தது, சுரண்டைக் கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட் துணி.

கோபம் வந்தால் பகவதிக்கு மலையாளம் வரும். அன்று அதுகூட வரவில்லை. துணியை ஒற்றியெடுத்து ஃபேனுக்கு அடியில் போட்டாள். கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவி, இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த சுவரை அளக்க ஆரம்பித்தாள்.

"ஏட்டி, சுவரை எதுக்கு அளக்குத?"

"அளவு தெரியணும்லா."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சுக்கிடலாம்லா."

மாரிராஜ் கணக்குப் போட்டுப் பார்த்தார். இன்னொரு தையல் மிஷின் போட இடமில்லை என்று போன வாரம்தான் சொல்லியிருந்தாள். இப்போது கொத்தனார் பாண்டித்துரைக்குப் போன் வேறு போட்டாள்.

"நாளைக்குக் காலையில வந்திரு தம்பி. ஆமா, சுவர்தான், உடைக்கணும். ரயிலைப் பத்தி நீ யோசிக்காத. அத நான் பாத்துக்கிடுதேன்."

இரவுச் சாப்பாட்டில் மாரிராஜ் சரணடைந்தார். "மோட்டாரைக் கழட்டிட்டேன் பகவதி. இனிமே அருவியில சொட்டுத் தண்ணி வராது. வெள்ளை நூலை ஒட்டிக்கிடுதேன்."

"நூலு யாருது?"

"உன்னுதுதான்."

"அதான பாத்தேன்."

"வேணும்னா சுரண்டைக்கு நானே போயி, அவங்க கால்ல விழுந்துட்டு வாரேன்."

"துணி நல்லாக் காஞ்சிட்டு, ஒரு கறை கிடையாது. நீங்க போவாதீங்க. அங்கனயும் வெள்ளம் வந்துரும்."

"அப்ப கொத்தனார் எதுக்கு?"

"தோசை இன்னொண்ணு வைக்கட்டா?"

காலையில் மாரிராஜ் தென்காசி ஸ்டேஷனைப் பிடுங்கி, பேப்பரில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் கட்டி முடிக்கத்தான் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை ஆயிற்று. பாண்டித்துரை உளியும் சுத்தியலுமாக மாடி ஏறி வந்தான்.

"அண்ணாச்சி, வழி விடுங்க. மதினி, எங்கன கை வைக்க?"

பகவதி தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தாள். மாரிராஜ் எழுந்து, ஸ்டேஷனை நெஞ்சோடு அணைத்தபடி சுவருக்கு முன்னால் நின்றார்.

"இத்தனை வருஷத்துல நான் கேட்ட எதுக்காவது நேரா ஒரு பதில் சொல்லியிருக்கியாட்டி? இன்னைக்காவது சொல்லு. மொத்தச் சுவரையும் எடுக்கப் போறியா? என் ரயிலு என்ன ஆவும்?"

பகவதி அவரை ஒரு கையால் ஓரமாக நகர்த்தினாள். செங்கோட்டை முடிகிற இடத்தில், மேசை மட்டத்துக்குச் சரியாக, சுவரில் சாக்பீஸை வைத்து ஒரு வளைவு போட்டாள். ஜாக்கெட் கை அளவுதான் இருந்தது.

"இவ்வளவுதானா மதினி?" என்றான் பாண்டித்துரை.

"இது என்னதுட்டி?" என்றார் மாரிராஜ்.

"ரயில் குகை. இனிமே அந்தப் பக்கம் எங்க புனலூர்."