குனிந்து ஏறும் கார்

கொட்டகையில் இரண்டு கார்கள் நின்றன. கிழட்டு வெள்ளிக் கார் ஜெர்மனியில் பந்தயத்துக்கென்றே பிறந்தது. சிவப்புக் கார் போன மாதம் வந்தது.

அன்று முதலாளியின் நண்பர் வெள்ளிக் காரில் ஏறப் பார்த்து, கதவடியில் குறுக்கே ஓடும் இரும்புக் குழாயில் முட்டியை இடித்துக்கொண்டார். "குழாயை அறுத்துட்டு ஒழுங்கா ஒரு கதவு வைப்பா!" என்று கத்திவிட்டுப் போனார். முதலாளியும் மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிவிட்டார்.

"அறுக்கட்டுமே அண்ணே," என்றது சிவப்பு. "எனக்கும் கதவு மேலதான் திறக்குது. சும்மா ஸ்டைலுக்கு."

வெள்ளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஸ்டைலுக்கு இல்லடா! வளைவுல வேகமாத் திரும்பினா உடம்பு முறுக்கிக்கக் கூடாதுன்னு முட்டிக்கு மேல வரைக்கும் குழாய் வச்சாங்க. பக்கத்துல இடமில்லாம கதவைக் கூரையில மாட்டினாங்க. குழாயை அறுத்தா நான் கார் இல்ல, சோபா."

"அப்புறம் எவன் ஏறுவான்?"

"ஓட்டத் தெரிஞ்சவன் குனிஞ்சு ஏறுவான்."

காலையில் மெக்கானிக் ரம்பத்தோடு வந்தான். "கடைசியா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்," என்றார் முதலாளி. சிவப்பு தன் கதவைத் தானாகவே திறந்து காட்டியது. அவர் அதைத் தாண்டிப் போய், குனிந்து, வெள்ளிக்குள் நுழைந்தார்.

மலைப்பாதை வளைவுகளில் வெள்ளி ஓரிடத்திலும் தளரவில்லை.

திரும்பி வந்து இறங்கும்போது முதலாளி தலையை நன்றாக இடித்துக்கொண்டார். தேய்த்தபடியே சொன்னார்: "ரம்பத்தை எடுத்துட்டுப் போப்பா."