பிளக்கில் பிழையில்லை

நாலாவது பிளக்கையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினார் அபூசாலி. கார் எடுக்கவில்லை.

கொழும்பு பஸ் விடியவே போய்விட்டது. இந்தப் பழைய மொறிஸ் மைனரை விட்டால் சுபைறா பிளேனுக்குப் போய்ச் சேர வேறு வழியில்லை. ஊரெல்லாம் ஹயர் ஓடின கார், சொந்தப் பெண்சாதியின் பயணத்தன்று பார்த்துக் குந்திக்கொண்டது.

முன் சீட்டிலிருந்த ஏஜென்சிக்கார மீராமுகைதீன் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்.

"டிஸ்ரிபியூட்டரைத் திறந்து பாருங்களன் காக்கா. இண்டைக்குத் தப்பினா, குவைத்துக்கு வேற பொம்பிள தயாரா நிக்கிறா."

அபூசாலிக்கு உடம்பெல்லாம் அலுப்பு. ஒரு மாதமாக இதே அலுப்புத்தான். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. அவளுக்குக் கட்டுகிற வீடோ கூரையில்லாமல் நிற்கிறது. வீடு கொடுக்காமல் பெண்ணைக் கட்ட இந்த ஊரில் எவன் வருவான்? குவைத்துக்கு வீட்டு வேலைக்கு நான் போகிறேன் என்று சுபைறாதான் முந்திக்கொண்டு சொன்னாள். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி!

இப்போதும் படலையடியில் பேக்கோடு நின்று சொன்னாள்.

"சுணங்காமப் பாருங்க மச்சான்."

அவளே அப்படிச் சொன்னால் இனி என்ன கிடக்கு?

அபூசாலி புதுப் பொயின்றும் கண்டென்சரும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதெல்லாம் ஏஜென்சிக்காரருக்குக் காட்டத்தான். மாற்ற வேண்டிய சாமான் ஒன்றுமில்லை. நேற்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, சவர்க்காரம் சுற்றிய கடதாசியில் ஒரு துண்டு கிழித்துப் டிஸ்ரிபியூட்டருக்குள் கரண்டு பாயாதபடி பொயின்றுக்கு நடுவில் செருகிவிட்டவர் அவரேதான். அதை உருவினால் கார் எடுக்கும். உருவத்தான் வேணும், அல்லாவே.

டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். கடதாசி வைத்தபடியே இருந்தது. உருவி எடுத்தார்.

ரோட்டரைக் காணோம்.

உள்ளே சுற்றுகிற கட்டைவிரலளவு துண்டு அது. அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் காரை எடுக்க ஏலாது. கள்ளனுக்குப் பயந்து ஒவ்வொரு நாளும் படுக்கப் போகுமுன் அதைக் கழற்றிச் சுபைறாவின் கையில்தான் கொடுத்து வைப்பார். நேற்று மட்டும், விடியப் பயணம்தானே என்று கழற்றாமல் விட்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். சுபைறா முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் முட்டியிருந்தது.

மூடியைத் திறந்தவள் கடதாசியைக் காணாமலா இருந்திருப்பாள்? கண்டிருக்கிறாள். விடிந்ததும் இந்த மனிசன் மனம் மாறி அதை உருவிவிடுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பொனட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, என்ன பிழை என்று கேட்டார் மீராமுகைதீன்.

"ஏலா தம்பி. அந்தப் பொம்பிளயையே அனுப்புங்க" என்றார் அபூசாலி.

பிறகு, உருவின கடதாசியைத் திரும்ப அதே இடத்தில் செருகி, மூடியைப் பூட்டினார்.