தனக்கோடி போட்ட உப்பு

தராசு நான்கு கிராம் என்று காட்டியது.

சந்தியா அதை நம்பவில்லை. தட்டில் இருந்த உப்பை ஜாடியிலேயே கொட்டிவிட்டு, "இன்னொரு தரம் போடுங்கக்கா" என்றாள்.

தனக்கோடி ஜாடிக்குள் கையை விட்டுக் கை நிறையக் கல்லுப்பை அள்ளினாள். அடுப்பில் கொதிக்கிற மீன் குழம்புக்குப் போடுவதுபோலவே தட்டுக்கு மேலே கையை ஒரு உதறு உதறினாள்.

மறுபடியும் நான்கு.

மக்கள் எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்த வீடு எந்த அளவுக்கு அதன்படி சாப்பிடுகிறது என்று பார்த்து எழுதுவது சந்தியாவின் வேலை. கீரைக்குப் பத்து மார்க், பருப்புக்குப் பத்து, எண்ணெய்க்குப் பத்து, உப்புக்குப் பத்து.

மரக்காணத்தில் பதினோரு நாளாக வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். உப்பில் இதுவரை ஒரு வீடுகூட ஒரு மார்க் வாங்கவில்லை.

எப்படி வாங்கும்? உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கடையில் உப்பு வாங்குவதில்லை. வேலை முடிந்து வரும்போது துணியில் கொஞ்சம் முடிந்துகொண்டு வருவார்கள். சும்மா வருகிற பொருளை யார் அளந்து போடுவார்கள்? சுனாமித் தண்ணீர் புகுந்து பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போன இந்த வருஷத்தில்கூட யார் வீட்டுக் குழம்பிலும் உப்பு குறையவில்லை.

இங்கே மட்டும் நான்கு கிராம். ஒரு நாளைக்கு ஒரே சட்டிக் குழம்பு, இரண்டு பேருக்கு.

தராசுதான் பழுது என்று நினைத்துத் தன் மோதிரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

மூன்றாவது முறை தனக்கோடி அடுப்பைப் பார்த்துக்கொண்டே உதறினாள். நான்கேதான்.

அப்போதுதான் சந்தியா அந்தக் கையைக் கவனித்தாள். உதறி முடித்த பிறகும் அது மூடியே இருந்தது.

"கையத் திறங்கக்கா."

உள்ளே அள்ளிய உப்பு முக்கால்வாசி அப்படியே இருந்தது.

சந்தியாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கல்லூரியில் மூன்று வருஷம் கரண்டியும் தராசுமாகப் படித்தவள் அவள். அவளால் இதை ஒருமுறைகூடச் செய்ய முடியாது.

தனக்கோடி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறு வருஷம் ஆவுது மேடம். எங்க ஊட்டுக்காரருக்கு இருதயம் வீங்கிப்போச்சி. உப்ப விட்டா ஆளு நிப்பாரு, இல்லன்னா ஒரு வருஷம்தான்னு சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் கேட்டாத்தானே? உப்பில்லாத சோறு வாய்க்கரிசின்னு தட்டத் தூக்கி அடிச்சிட்டாரு."

நர்ஸ் ஒருத்தி ஒரு நாள் உப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாளாம், இவ்வளவுதான் என்று. அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்து வைத்தே தனக்கோடி பழகியிருக்கிறாள். புருஷன் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து உப்பு ஜாடியையே பார்த்துக்கொண்டிருப்பானாம். அவன் கண்ணுக்கு எதிரே கை நிறைய அள்ளுவாள். விழுவது என்னவோ நர்ஸ் சொன்ன அளவுதான்.

"சாப்பிடும்போது தெரியாதாக்கா?"

"உப்பளத்துக் காத்துல அவரு நாக்கு மரத்துப்போச்சின்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டாரு."

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவன் தனக்கோடியின் புருஷன் கன்னியப்பன். பாத்தித் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்து, நாளைக்கு உப்பு பூக்கும் என்று சொல்பவன். அவன் சொன்னால் பூக்கும். அந்த உப்பளத்தில் அவனைக் கேட்காமல் யாரும் உப்பு வாரும் பலகையைத் தொடுவதில்லை.

சந்தியாவுக்கு இப்போது ஒரு சங்கடம். எழுதியதைக் குடும்பத் தலைவருக்குப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். படித்தால் தட்டு பறக்கும். தட்டு பறந்தால் நாளையிலிருந்து அவனே ஜாடியைக் கையில் எடுத்துக்கொள்வான். அப்புறம் ஆள் நிற்பது சந்தேகம்தான்.

தனக்கோடி ஜாடியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சந்தியா படித்தாள். அரிசி, கீரை, மீன், எண்ணெய். உப்பு என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் படிவத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"உப்பு... ஒரு கை."

"கொஞ்சமாவா போடுறா?" என்று கன்னியப்பன் சிரித்தான். "நாக்கு மரத்துப்போனதால திங்கிறேன், இல்லன்னா வாயில வைக்க முடியாதும்மா. சொன்னா கேக்க மாட்டா."

தனக்கோடிக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த பெண்ணுக்கு மோர் வாங்கி வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

கன்னியப்பன் பேனாவை வாங்கிக் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டான். போட்டு முடித்தும் தலையைத் தூக்கவில்லை.

"ஒரு கைன்னு எழுதிடாதம்மா" என்றான் மெதுவாக. "மூணு விரல்ல கிள்ளுற அளவுதான். ஆறு வருஷமா அவ்ளோதான் போடுறா. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத."

சந்தியா படிவத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த நான்கு கிராமை விரலால் தொட்டுக் காட்டினாள். அவன் தலையசைத்தான்.

தனக்கோடி மோரோடு உள்ளே வந்ததும் அவன் குரல் உயர்ந்தது. "இன்னிக்காவது உப்பக் கொறைச்சிப் போடுடி!"

"ஆமா, இவுருக்கு அளந்து போடணும்" என்றபடி தனக்கோடி ஜாடிக்குள் கையை விட்டாள். அவன் பார்க்கப் பார்க்க, கை நிறைய அள்ளினாள்.