ஏழு சர்க்கரைச் சரம்

ஒரு பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே புதிதாக ஒரு புரதம் வந்து சேர்ந்தது. அங்கே அகப்பட்டதையெல்லாம் நறுக்கும் கத்தரி நொதி சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் புரதம் பயந்து, உடம்பை இறுக்கி உருண்டையாக மடியத் தொடங்கியது.

வாசலில், வரும் புரதங்களில் சர்க்கரையை ஒட்டிவிடும் ஒட்டு நொதி நின்றது. அதன் கையில் ஏழு சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சரம் இருந்தது.

"தம்பி, இது உனக்குத்தான். இது மேல இருந்தா கத்தரியோட பல்லு இறங்காது. ஒட்டுற இடத்தைக் காட்டு."

"அதை உள்ளே மடிச்சிட்டேன்க்கா. வெளியே நீட்டினா வெட்டிடும். முழுசா மடிஞ்சு தயாரானப்புறம் வரேனே?"

"முழுசா மடிஞ்சுட்டா என் கை எட்டாதுடா!"

கத்தரி சிரித்தது. "அவசரமில்லை தம்பி, நல்லா மடிஞ்சுக்கோ. நான் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்."

புரதம் நடுங்கிக்கொண்டே ஒரே ஒரு வளைவைத் தளர்த்தி நீட்டியது. கத்தரி பாய்ந்தது. அதற்குள் சரம் ஒட்டிவிட்டது. கத்தரியின் வாய் சர்க்கரையில் வழுக்கிக்கொண்டு போனது.

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான். வழியை விடு, அடுத்த ஆள் வருது."

அடுத்த புரதமும் பயத்தில் உருண்டையாகத்தான் வந்தது.

"நானும் இப்படித்தான் வந்தேன். கொஞ்சம் நீட்டு," என்றது நம் புரதம். அதன் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.