எதிர்ப் பக்கத்து கேப்டன்

"ஏமாத்துறா சார்! அந்த நெட்டச்சி ஏமாத்துறா!"

பெஞ்சின் மேலேயே ஏறி நின்று கத்தினார் கண்டக்டர். பஸ்ஸின் பின்படியில் நின்றபடி டிரைவரை அதட்டிப் பழகிய குரல். பள்ளிக்கூட மைதானமே திரும்பிப் பார்த்தது.

எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் வாலிபால் ஃபைனல். இரண்டு பக்கமும் இருபத்திரண்டு பாயின்ட். இருபத்தைந்து எடுத்தால் கோப்பை. அவர் மகள் ஏ பிரிவில் வலையை ஒட்டி நின்றாள். நேர் எதிரே பி பிரிவின் கேப்டன். அவள் உயரத்தைப் பார்த்து கண்டக்டர் வைத்த பெயர்தான் நெட்டச்சி. ஆட்டம் தொடர வேண்டிய நேரத்தில் அவள் உட்கார்ந்து, ஷூ கயிற்றை அவிழ்த்து, ஆற அமரக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பிள்ளைங்க சூடு பிடிச்சிருச்சுல்ல, அதை ஆறப் போடுறா" என்று பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். "இருபது வருஷமா டிக்கெட் கிழிக்கிறேன். எவன் டிக்கெட் எடுக்கலைன்னு மூஞ்சியப் பார்த்தே சொல்லிடுவேன். இவ மூஞ்சியே சரியில்ல."

உண்மையில் கண்டக்டர் வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. காவலுக்கு வந்தவர்.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். வேளாவேளைக்கு ஊசி. ஓடியாடினால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். முகம் வெளுத்து, கை நடுங்கும். அப்படியிருந்தும், விளையாடியே தீருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவும் பெண்ணும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"கிளாஸ் டீச்சருக்கும் கேம்ஸ் சாருக்கும் தெரிஞ்சா போதும். வேற யார்கிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா உன்னை ஓரமா உக்கார வச்சுடுவாங்க. நானே வந்து உன் மூஞ்சியப் பார்த்துட்டே இருக்கேன். வெளுத்தா ஒரு விசில் அடிப்பேன். உடனே வெளிய வந்து ஜூஸ் குடிக்கணும். சரியா?"

ஒரு விசிலுக்கு பஸ்ஸே நிற்கும்போது பெண் நிற்க மாட்டாளா? விசில் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

"இன்னொரு தடவை தாமதம் பண்ணினா, அவங்களுக்கு ஒரு பாயின்ட் கொடுத்துடுவேன்!" நடுவராக நின்ற கேம்ஸ் சார் நெட்டச்சியை எச்சரித்தார்.

"அப்படிச் சொல்லுங்க சார்!" என்றார் கண்டக்டர்.

பந்து பறந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். யாரோ விழுந்து எடுத்தார்கள், யாரோ எகிறி அடித்தார்கள். ஏ பிரிவுக்கு ஒரு பாயின்ட். அடுத்தது பி பிரிவுக்கு. இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று. பெஞ்ச் ஆடியது.

அந்த நேரம் பார்த்து நெட்டச்சி மறுபடி உட்கார்ந்தாள். கயிற்றை அவிழ்த்தாள்.

இந்தத் தடவை வாயும் சும்மா இல்லை. வலைக்கு அடியில் அவர் மகளைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தாள். மகள் மாட்டேன் என்று தலையாட்டினாள். நெட்டச்சி கண்ணை உருட்டி, வெளியே போ என்று விரலைக் காட்டினாள்.

"மிரட்டுறா! என் பொண்ணை மிரட்டுறா!"

கேம்ஸ் சார் விசில் அடித்துக் கையை நீட்டினார். தண்டனைப் பாயின்ட் ஏ பிரிவுக்கு!

கண்டக்டர் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். இறக்கிவிட்டுத் திரும்பினால், மகள் இடத்தில் வேறொரு பெண் ஆடிக்கொண்டிருந்தாள். 'பாவி, பயமுறுத்தியே துரத்திட்டாளே' என்று பல்லைக் கடித்தார். அதற்குள் கடைசிப் பந்து பி பிரிவின் மூலையில் விழுந்தது.

ஜெயித்தாயிற்று! கோப்பை ஏ பிரிவுக்கு! கண்டக்டர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன.

அந்தப் பக்கம் நெட்டச்சியைச் சுற்றி நின்று அவள் டீமே வறுத்தெடுத்தது.

"கையில இருந்த கப்பைக் கொடுத்துட்டியேடி!"

"ஒரு கயிறு கட்டத் தெரியாதவ எல்லாம் கேப்டனாம்!"

அவள் வாயே திறக்காமல் நின்றாள். கண்டக்டருக்கு வயிறு குளிர்ந்தது. மகளிடம் ஓடினார்.

"பார்த்தியா? நல்லா வேணும் அவளுக்கு! உன்னையே மிரட்டி வெளிய அனுப்புறாளா?"

மகள் பெஞ்சில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். குழாய் அவள் விரல்களுக்கு நடுவில் நடுங்கியது. உதட்டில் துளி ரத்தம் இல்லை.

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்போலேருந்துடா?"

"அவ முதல்ல கயிறு அவுத்தாளே, அப்போலேருந்து. இன்னும் மூணு பாயின்ட்தானேன்னு நான்தான் பிடிவாதமா நின்னேன்."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. விசில் வைத்தது வைத்தபடி இருந்தது.

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரமே நான் சொல்லிட்டேன்பா. நான் வெளுத்தா எப்படியாவது ஆட்டத்தை நிறுத்துன்னு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நெட்டச்சி இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் வாய் திறக்கவில்லை.

ஆனாலும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நம்ம டீம்ல இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க. நான் ஒருத்தன் மலை மாதிரி உக்காந்திருக்கேன். போயும் போயும் எதிர் டீம்காரிகிட்டயா சொன்ன?"

மகள் கடைசிச் சொட்டையும் உறிஞ்சிவிட்டு, நெட்டச்சியைக் காப்பாற்ற எழுந்தாள்.

"நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாரும் பந்தைத்தான் பார்ப்பீங்கப்பா. எதிர்ல நிக்கிறவதான் என் மூஞ்சியப் பார்ப்பா."